இருமினா கசியுது, கெகல் பண்ணியும் நிக்கலை. ஆபரேஷன்தானா?

மார்ச் 3 – ஒரு வாசகியின் கேள்வி

வயசு 38. ரெண்டு குழந்தை. ரெண்டாவதை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க. அதுல இருந்து இருமினா, தும்மினா, தண்ணிக்குடம் தூக்கினா மூத்திரம் சொட்டுது. யூடியூப் பாத்து கெகல், அதான் மூத்திரத்தை அடக்கற இடுப்பு அடித்தசையை இறுக்கி விடற பயிற்சி, பண்ணேன். ஒண்ணுக்குப் போகும்போது நடுவுல நிறுத்தி நிறுத்தியும் பாத்தேன். ரெண்டு மாசமா ஒரு மாத்தமும் இல்லை. இதெல்லாம் சும்மா பேச்சுக்கு, கடைசில ஆபரேஷன்தான்னு என் ஓரகத்தி சொல்றாங்க. அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

மார்ச் 3, ராத்திரி

பேச்சுக்கு இல்லை. ஆனா நீங்க பண்ணினது கெகல்தானான்னு யார் பாத்துச் சொன்னாங்க?

1991-ல அமெரிக்காவுல 47 பெண்களுக்கு இதை வாயால மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு, செய்யச் சொல்லி உள்ளே அழுத்தத்தை அளந்தாங்க. பாதிப் பேருக்குத்தான் சரியா வந்துச்சு. கால்வாசிப் பேர் செஞ்ச விதம் கசிவைக் கூட்டி விடற விதம். மேல இழுக்கணும், அவங்க கீழ முக்கினாங்க. முக்கும்போதும் ஏதோ இறுகறாப்ல தான் இருக்கும், அதனால செய்யறவங்களுக்கே வித்தியாசம் தெரியாது.

நடுவுல நிறுத்தறதை இன்னையோட விடுங்க. எந்தத் தசைன்னு பிடிபட ஒரு தடவை செஞ்சா சரி. அதையே தினப் பயிற்சியா வச்சா மூத்திரப்பை முழுசா காலியாகாம மிச்சம் தங்கும்.

ஓரகத்திக்கு: காக்ரேன் அமைப்பு 2018-ல 31 ஆய்வுகளைச் சேத்து அலசிச்சு. அதுல இருமல்-தும்மல் கசிவுக்காரங்களைப் பிரிச்சுப் பாத்தா, பயிற்சி செஞ்சவங்கள்ல 100-க்கு 56 பேர் நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. செய்யாதவங்கள்ல 6 பேர்.

மார்ச் 4

"நீங்க டாக்டரா?"ன்னு கேக்கறாங்க. இல்லைங்க. கணக்கு டீச்சர், மதுரைப் பக்கம். சின்னவன் பிறந்ததுல இருந்து எனக்கும் இதே கதைதான். காலைல பிரேயர்ல தும்மல் வந்தா காலைப் பின்னிக்கிட்டு நிப்பேன். கருப்புச் சேலையா பாத்து எடுத்தேன். பைக்குள்ள எப்பவும் மாத்துத் துணி.

முதல்ல போன ஆஸ்பத்திரியில "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில கொடுத்தாங்க. அதுல ஒரு வரி: 'இறுக்கவும், தளர்த்தவும், 50 முறை.' எதை இறுக்க? தாள்ல இல்லை. பீரோவுல போட்டுட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பிசியோ பொண்ணுகிட்ட போனேன். முட்டிக்கும் முதுகுக்கும் பாக்கற பிசியோ இல்லை, இதுக்குன்னே தனியா படிச்சவங்க. என் மூத்த மகளை விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். முதல் அரைமணி நேரம் பேச்சுதான். எத்தனை பிரசவம், தையல் போட்டாங்களா, மலச்சிக்கல் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க, காபி எத்தனை. அப்புறம் இடுப்பெலும்பு பொம்மையைக் கையில எடுத்து, தசை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு காட்டினாங்க. பரிசோதனை பண்ணலாமான்னு கேட்டு, சரின்னு சொன்னப்புறம்தான் கையுறை போட்டாங்க.

படுத்திருக்கேன். "என் விரலைப் பிடிச்சு உள்ள இழுங்க, அப்படியே மேல தூக்குங்க." இன்னொரு கை என் வயித்து மேல. நான் இழுக்க, அவங்க தொடையில லேசா தட்டறாங்க: "இது சும்மா கிடக்கணும். மூச்சு எங்க போச்சு? விடுங்க." திரும்ப இழுக்கறேன். "ஒண்ணு… ரெண்டு… போயிடுச்சு." எனக்கு இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அவங்க விரலுக்கு இல்லை.

பலத்துக்கு 5-க்கு மார்க் போடுவாங்க. எனக்கு 2. "நாப்பது பர்சென்ட், எங்க போர்டுல இது பாஸ்"னேன். சிரிக்கலை அந்தப் பொண்ணு.

மார்ச் 4, அப்புறம்

மேல எழுதினதைப் பாத்து பயந்துட்டோம்னு ரெண்டு பேர். உள்பரிசோதனை வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், கட்டாயம் எதுவும் கிடையாது. வெளியில இருந்தே பாத்தும் சொல்லுவாங்க, அடிவயித்துல ஸ்கேன் வச்சு பை மேல தூக்குதான்னு திரையில காட்டவும் செய்வாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களும் போகலாம். ஓடறவங்க, வெயிட் தூக்கறவங்களுக்கெல்லாம் பிரசவம் இல்லாமலேயே இது வருது.

மார்ச் 6

அட்டவணை கேட்டவங்களுக்கு. என் அட்டவணை எனக்குப் போட்டது, அப்படியே எடுத்துக்காதீங்க.

அந்தத் தசை முன்னெலும்புக்கும் பின்னாடி வாலெலும்புக்கும் நடுவுல கட்டின தூளி. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அது மேல உக்காந்திருக்கு. பிரசவத்துல தூளி இழுபட்டுத் தொய்யுது. அதுல நாள் முழுக்கத் தாங்கற மெதுவான நாரும் இருக்கு, தும்மல் வந்தா சட்டுனு இறுகற வேகமான நாரும் இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனியா வேலை கொடுக்கணும்.

அதனால ஒரு வேளைக்கு ரெண்டு பகுதி. முதல்ல பிடிச்சு நிறுத்தறது. எனக்கு ரெண்டு செகண்டுல ஆரம்பிச்சாங்க, பிடிச்ச நேரத்துக்குக் குறையாம விடணும். விடறதும் பயிற்சிதான், முழுசா தளரணும். பலம் ஏற ஏற எட்டு செகண்டு வரைக்கும் போச்சு. அப்புறம் சட்டுச் சட்டுனு இறுக்கி விடறது. மூச்சைப் பிடிக்கக் கூடாது, அதுக்காக என்னை வாய்ப்பாடு சொல்லச் சொன்னாங்க. பதிமூணாம் வாய்ப்பாட்டுல நானே தடுமாறினேன். முதல்ல படுத்து, அப்புறம் உக்காந்து, அப்புறம் நின்னு. கசியறது நிக்கும்போதுதானே, படுத்தே செஞ்சா பாதிதான்.

பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதற நைஸ்ங்கற அமைப்பு சொல்றது: ஒரு வேளைக்கு குறைஞ்சது 8 தடவை இறுக்கணும், ஒரு நாளைக்கு மூணு வேளை, குறைஞ்சது மூணு மாசம், அதுவும் ஒருத்தர் மேற்பார்வையில. என் ஜெராக்ஸ் தாள்ல இருந்த 50 எங்க இருந்து வந்துச்சோ தெரியலை. எட்டு நல்லா பண்ணினா ஒன்பதாவது வராது. அம்பது வருதுன்னா அதுல நாப்பது பொய்.

பிசியோ தேவையான்னு கேட்டவருக்கு: நார்வேல காரி பூன்னு ஒரு பிசியோ-ஆய்வாளர் 1999-ல 107 பெண்களை நாலு குழுவா பிரிச்சு ஆறு மாசம் பாத்தாங்க. ஒரு குழுவுக்குப் பயிற்சி, ஒண்ணுக்கு மின்தூண்டல், ஒண்ணுக்கு உள்ளே வைக்கிற கூம்பு எடைகள், ஒண்ணுக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் குழுதான் முன்னாடி வந்துச்சு. ஆனா அந்தக் குழு வீட்டுல தனியா மட்டும் செய்யலை. வாராவாரம் ஒரு வகுப்பு இருந்துச்சு.

ஞாபகம் வச்சுக்கறதுக்கு எனக்கு ஸ்கூல் பெல் உதவிச்சு. ரெண்டாவது பீரியட் பெல், மத்தியானச் சாப்பாட்டு பெல். மூணாவது வேளை வீட்டுல, சீரியல் விளம்பரத்துல.

மார்ச் 9

முக்கியமானதை விட்டுட்டேன். பலம் மட்டும் இருந்தா பத்தாது, நேரம் தெரியணும்.

இருமறதுக்கு முன்னாடி தசையை இறுக்கி, இருமல் முடியற வரைக்கும் பிடிக்கணும். 1998-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல வயசான பெண்கள் 27 பேருக்கு இதை மட்டும் ஒரு வாரம் பழக்கிட்டு, இருமச் சொல்லி கசிவை அளந்தாங்க. நடுத்தர இருமல்ல கிட்டத்தட்ட முழுசா நின்னுச்சு. பலமா இருமினப்போ முக்கால்வாசி குறைஞ்சுது. ஒரு வாரத்துல தசை வளராது. இருக்கற பலத்தைச் சரியான நேரத்துல போட்டதுதான்.

என் அனுபவத்துல இருமல் சீக்கிரம் வழிக்கு வந்துச்சு, ஏன்னா இருமல் சொல்லிட்டு வரும். தும்மல் சொல்லாம வரும். சாக்பீஸ் தூசித் தும்மல் ரொம்ப நாள் என்னை ஏமாத்திச்சு. இப்போ நாற்காலியில இருந்து எழும்போது, நோட்டுக்கட்டு தூக்கும்போது எல்லாம் தானா இறுகுது, யோசிக்கறது இல்லை.

மார்ச் 10

"கெகல்ங்கறது வெள்ளைக்காரன் பேர் வச்சது, நம்ம மூலபந்தம்தான் அது"ன்னு ஒரு ஐயா கோவமா எழுதியிருக்காரு. கோவம் வேணாங்க, தசை ஒண்ணுதான். ஹடயோகத்துல அது வேற நோக்கத்துக்கு, குதிகாலை அடியில அழுத்தி, மூச்சோட சேத்துச் செய்யறது. எங்க ஊர் யோகா டீச்சர் மூச்சை உள்ளயே அடக்கச் சொல்லுவாரு. கசிவுக்கு அது நேர் எதிர், வயித்து அழுத்தம் கீழதான் இறங்கும்.

கெகலும் முதல் ஆள் இல்லை. மார்கரெட் மோரிஸ்னு பிரிட்டிஷ் நடனக்காரம்மா, பிசியோவும் படிச்சவங்க, 1936-லயே இதைப் பயிற்சியா எழுதிட்டாங்க. ஆர்னால்டு கெகல் லாஸ் ஏஞ்சலஸ்ல பெண்கள் நோய் டாக்டர், அவரோட கட்டுரை 1948. அவர் வெறும் வாயால சொல்லி அனுப்பற ஆளே கிடையாது. உள்ளே வச்சு அழுத்தம் காட்டற பெரினியோமீட்டர்னு ஒரு கருவியைச் செஞ்சாரு. முள் ஏறுதான்னு பயிற்சி செய்யற பெண் தன் கண்ணால பாத்துக்கிட்டே பழகணும். உலகம் அவர் பேரை எடுத்துக்கிச்சு, சரிபாக்கறதை விட்டுடுச்சு.

மார்ச் 13

பப்ளிக் எக்ஸாம் டூட்டி. மூணே கால் மணி நேரம் ஹாலை விட்டு நகரக் கூடாது. அதுக்காகக் காலையில இருந்தே தண்ணி குடிக்காத டீச்சருங்க எங்க ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேர். பஸ்ல போறவங்களும் அப்படித்தான். மாட்டுத்தாவணியில இறங்கற வரைக்கும் ஒரு மடக்கு குடிக்க மாட்டாங்க. தண்ணியைக் குறைச்சா மூத்திரம் கெட்டியாகி பை எரிச்சலாகும், அடிக்கடி முட்டும். மலச்சிக்கலும் வரும், முக்கி முக்கி அந்தத் தூளியே இன்னும் தொய்யும்.

இதைச் சொல்ல வந்ததே 52 வயசு அக்கா ஒருத்தர் கேட்டதுக்காக. அவங்களுக்கு இருமினா ஒண்ணும் இல்லை. வீட்டுக் கதவுல சாவியைப் போட்டதும் முட்டிக்கிட்டு வருது, பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுது. இது வேற ஜாதி. இதுல தூளி தொய்வை விட, பை தானா சுருங்கறதுதான் சிக்கல். இதுக்கு முதல் வைத்தியம் பையைப் பழக்கறது, குறைஞ்சது ஆறு வாரம். எப்பெப்போ போறீங்கன்னு ரெண்டு மூணு நாள் எழுதணும். மணிக்கு ஒரு தடவைன்னா அதை ஒண்ணேகால் மணி ஆக்கணும், அது பழகினப்புறம் ஒன்றரை. முட்டும்போது ஓடக் கூடாது. நின்ன இடத்துல நின்னு, நாலஞ்சு தடவை வேகமா இறுக்கி விட்டா அந்த அலை தணியும், அப்புறம் நடந்து போங்க. சுகர் இருக்கா, மூத்திரத்துல கிருமி இருக்கான்னு முன்னாடியே ஒரு டெஸ்ட். ரத்தம் தெரிஞ்சா, கால் மரத்துப் போனா பயிற்சி கியிற்சி எல்லாம் அப்புறம், நேரா டாக்டர்கிட்ட.

காபியையும் டீயையும் குறைச்சுப் பாக்கச் சொல்றாங்க.

மார்ச் 14

"முதல் டிகாஷன் காபியைக் கூடவா?"ன்னு கேட்ட மவராசிக்கு: அதை மட்டும் வச்சுக்கோங்க. நாலு மணிக் காபியை விடுங்க. நானும் அதைத்தான் பண்றேன், ஸ்டாஃப் ரூம்ல அந்த நேரத்துக்கு மட்டும் என் முகத்தைப் பாக்க முடியாது.

மார்ச் 19

கருவி விக்கறவங்க இழைக்குள்ள வந்துட்டாங்க போல. உக்காந்தா போதும், தானா இறுக்கும்னு ஒரு நாற்காலி பேக்கேஜ் விளம்பரம். விலையைப் பாத்தேன், என் ஒரு மாசச் சம்பளம்.

கருவின்னதும் 10-ம் தேதி எழுதினதை இன்னொரு தடவை யோசிச்சேன். கெகலோட முள்ளைப் பாராட்டினேன். ஆனா அந்த வழியில வந்த பயோஃபீட்பேக்கை, திரையில அலை பாத்து இறுக்கறதை, பிரிட்டன்ல 600 பெண்கள்கிட்ட சோதிச்சு 2020-ல வெளியிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா கருவியோட செஞ்சவங்களுக்கும் கருவியில்லாம செஞ்சவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஒண்ணு கவனிங்க, ரெண்டு பக்கத்துக்குமே சொல்லிக் கொடுக்க, சரிபாக்க ஆள் இருந்தாங்க. அப்போ வேலை செய்யறது ஆள்தான் போல, முள்ளில்லை. இப்போ என் கணிப்பு இது.

தசையை இறுக்கவே வராதவங்களுக்கு மின்தூண்டலும் பயோஃபீட்பேக்கும் யோசிக்கலாம்னு நைஸே சொல்லுது. எங்க பிசியோகிட்டயும் அந்த மின்தூண்டல் பெட்டி இருக்கு. எனக்கு எடுக்கலை, கேட்டதுக்கு "உங்களுக்கு இழுக்க வருதே, இது எதுக்கு?"ன்னாங்க.

மார்ச் 26

கேள்வி கேட்ட வாசகி திரும்ப வந்திருக்காங்க. பிசியோவைப் பாத்தாங்களாம். முக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. இப்போ முதல்ல இருந்து ஆரம்பம். மூணு மாசம் கழிச்சு வந்து எழுதுங்க. நடுவுல "இன்னும் இல்லையே"ன்னு வாராவாரம் கேக்காதீங்க, தசை வளர வாரங்கள் ஆகும்.

அவங்க பதிலுக்குக் கீழ ஒருத்தர், டாக்டர்னு தோணுது, நெதர்லாந்து ஆய்வை எடுத்துப் போட்டிருக்காரு. 2013. நடுத்தர, தீவிரக் கசிவு உள்ள 460 பெண்கள். பாதிப் பேருக்கு பிசியோ, பாதிப் பேருக்கு ஸ்லிங் ஆபரேஷன், அதாவது மூத்திரக்குழாய்க்கு அடியில வலைப்பட்டை வச்சுத் தாங்கறது. ஒரு வருஷத்துல ஆபரேஷன் பக்கம் 91 சதவீதம் பேர் தேவலைன்னாங்க, பிசியோ பக்கம் 64. பிசியோ பக்கத்துல ஏறக்குறைய பாதிப் பேர் நடுவுலயே ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க.

இதை மறைச்சுட்டுப் பயிற்சி பயிற்சின்னு பேசறது நியாயமில்லை. சொட்டுச் சொட்டா போறவங்களும் படியேறினா சேலை நனையறவங்களும் ஒண்ணில்லை. அதே நேரம், ஆபரேஷனைத் திருப்பி எடுக்க முடியாது. அதுல வைக்கிற வலை பல பெண்களுக்கு வலியும் புண்ணுமா போய், இங்கிலாந்துல 2018 ஜூலையில கசிவுக்கு வலை வைக்கறதையே நிறுத்தி வச்சாங்க. வலை இல்லாம சொந்தத் திசுவை எடுத்துச் செய்யற ஆபரேஷனும் உண்டு. கத்தி வேணுமான்னு முடிவு பண்ண மூணு மாசம் காத்திருக்கலாம்னுதான் எனக்குப் படுது. தீவிரமா இருந்து, மூணு மாசம் ஒழுங்கா செஞ்சும் நிக்கலைன்னா, போய்ப் பண்ணிக்கோங்க. இதுல தோத்துட்டோம்னு எதுவும் இல்லை.

மார்ச் 26, கொஞ்சம் கழிச்சு

எடை. யாரும் கேக்கலை, நானே சொல்றேன், கேக்கவும் பிடிக்காது. 2009-ல அமெரிக்காவுல குண்டா இருந்த 338 பெண்கள்கிட்ட பாத்தாங்க. எடைக்குறைப்புத் திட்டத்துல இருந்தவங்க உடம்பு எடையில 8 சதவீதம் குறைச்சாங்க, வாரக் கசிவு பாதியளவு குறைஞ்சுது. வகுப்புல தகவல் மட்டும் கேட்டவங்களுக்குக் கால்வாசி. 75 கிலோன்னா ஆறு கிலோ. அவ்ளோதான் இதைப் பத்தி.

ஏப்ரல் 2

எங்க அத்தைக்கு 71. முட்டிக்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோ வீட்டுக்கு வர்றாங்க. போன வாரம் முட்டிப் பயிற்சி முடிஞ்சதும் அத்தை என்னைக் கடைக்கு அனுப்பினாங்க. சீனி தீந்துடுச்சாம். டப்பா நிறைய சீனி இருக்கு. திரும்பி வந்தப்போ அத்தை தலகாணியை முட்டிக்கு அடியில வச்சுப் படுத்திருக்காங்க, அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுது. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் அவங்களுக்கும் கசிவுன்னு எனக்குத் தெரியாது. எனக்குன்னு அவங்களுக்கும் தெரியாது. இப்போ சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து பண்றோம், சீரியல் விளம்பரத்துலதான்.

71-ல பலன் இருக்குமான்னு கேக்கறவங்களுக்கு: கனடாவுல 60 தாண்டின 362 பெண்களைப் பாதி தனித்தனியா, பாதி குழுவா 12 வாரம் பழக்கினாங்க, 2020-ல வெளிவந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் கசிவு 100-க்கு 70-க்குக் குறையாம குறைஞ்சிருந்துச்சு, குழுவுல செஞ்சது எந்த விதத்துலயும் மட்டமில்லை. ஒரு பிசியோ ஒரே நேரத்துல எட்டுப் பேரைப் பாக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் முடிஞ்சு கால்மணி நேரம் போதும். எங்க தெருக் குழுத் தலைவிகிட்ட பேச்சுக் கொடுத்துப் பாத்தேன். "அதுக்குக் கடன் உண்டா?"ன்னு கேட்டாங்க.

ஏப்ரல் 5

பாரிஸ்ல இருக்கற பாண்டிச்சேரித் தோழி எழுதினது: அங்க பிரசவம் ஆகி ஆறு எட்டு வாரத்துல இதுக்குன்னே பத்து அமர்வு எழுதிக் கொடுக்கறாங்க, மருத்துவச்சியோ பிசியோவோ சொல்லித் தருவாங்க, காசு அரசு காப்பீட்டுல. கசிவு இருக்கோ இல்லையோ, பெத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு. நமக்கு அந்த ஆறு வாரத்துல பூண்டுக் குழம்பும் பத்தியமும் கிடைக்குது. பூண்டுக் குழம்பை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன், அதோட இதையும் சேத்தா என்னன்னுதான் கேக்கறேன்.

ஏப்ரல் 11

"என் மனைவிக்காகக் கேக்கறேன், இதுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?"னு ஒரு தம்பி. ஒண்ணும் வாங்க வேணாம் தம்பி. நல்ல பிசியோ யாருன்னு விசாரிங்க, முதல் தடவை கூடப் போயிட்டு வெளியில உக்காருங்க. அப்புறம் ஒரு நாளைக்கு மூணு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம், குழந்தைகளை நீங்க பாத்துக்கோங்க. குக்கர் விசில் அடிச்சா நீங்களே போய் அடுப்பை அணைங்க.